செப்பனிட்ட இதயமும் நுரையீரல் தமனியும்

இதய அறுவை முடிந்து, சில திங்கள் ஓய்வுக்குப்பின் பள்ளிக்குத் திரும்பும் பிள்ளையைக் குறித்துப் பெற்றோர் ஆசிரியரிடம் கூறும் முதற்சொல், "எல்லாம் சரியாகிவிட்டது" என்பதே. அச்சொல்லில் உள்ள நிம்மதியை யாரும் குறைகூற இயலாது. இதயச் சுவரில் துளையுடன் பிறந்த மகவு, நீலம் பாரித்த இதழ்களுடன் மூச்சுக்குத் தவித்த மகவு, இன்று ஏனைய பிள்ளைகளோடு வரிசையில் நிற்கின்றதெனில், அது இருபதாம் நூற்றாண்டு மருத்துவம் மக்களுக்கு அளித்த பெருங்கொடைகளுள் ஒன்றாகும். ஆயினும் "சரியாகிவிட்டது" என்னும் சொல் பாதி உண்மையே. துளை அடைக்கப்பட்டது, குறுகிய வழி அகலமாக்கப்பட்டது. ஆனால், இதயத்திலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் தமனிக்குத் தனியே ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாறு அறுவை மேசையில் முடிந்துவிடுவதில்லை. பிள்ளை வளர வளர அதுவும் தொடர்கின்றது.

அதனைத் தமிழாசிரியர்களும் பெற்றோரும் அறியுமாறு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். மருத்துவர் அல்லாத தோட்டப் பள்ளி ஆசிரியன் ஒருவன் இதனை எழுதத் துணிவதற்குக் காரணம் ஒன்று உண்டு. மருத்துவர் இப்பிள்ளையை ஆண்டுக்கு ஓரிரு முறை காண்கின்றார். ஆசிரியரோ பள்ளி நடக்கும் நாளெல்லாம் காண்கின்றார். மாடிப்படி ஏறும்போது எவன் பின்தங்குகின்றான் என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும்.

விதிவிலக்கான தமனி

"தமனி தூய குருதியைக் கொண்டு செல்லும், சிரை தூய்மையற்ற குருதியைக் கொண்டு வரும்" என்று வகுப்பறைகளில் மனப்பாடம் செய்விப்பது நெடுநாள் வழக்கம். இவ்விதி நுரையீரல் தமனியிடம் வந்தவுடன் உடைந்துவிடுகின்றது. இதயத்திலிருந்து வெளியே கொண்டு செல்லும் குழாய் தமனி. இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய் சிரை. இதுவே சரியான இலக்கணம். உடலெங்கும் சுற்றித் தன்னிடமிருந்த பிராணவாயுவைக் கொடுத்துவிட்டுத் திரும்பிய குருதி, இதயத்தின் வலப்பக்க மேலறையை அடைந்து, வலப்பக்கக் கீழறைக்கு இறங்கி, அங்கிருந்து நுரையீரல் தமனி வழியே நுரையீரலுக்குச் செல்கின்றது. ஆகவே தமனியாக இருந்தும் இது கொண்டு செல்வது பிராணவாயு குறைந்த குருதியை. அக்குருதியை "அழுக்கு" என்று எண்ணுதலும் பிழை. சுமையை இறக்கிவிட்டு மீண்டும் ஏற்றிக்கொள்ளச் செல்லும் வண்டி அது.

சொற்களைப் பற்றியும் ஒரு குறிப்பு. தமனி, சிரை ஆகிய இரண்டும் வடமொழி மருத்துவ நூல்களின் வழியே நம்மிடம் வந்தவை. மக்கள் பேச்சில் இவ்விரண்டையும் "நரம்பு" என்றே சொல்கின்றனர். "ஊசி போட நரம்பு அகப்படவில்லை" என்பது அன்றாடம் கேட்கும் பேச்சு. அறிவியலில் நரம்பு என்பது உணர்ச்சியைக் கடத்தும் இழை. மருத்துவமனையில் மகனுக்கு "நுரையீரல் நரம்பில் கோளாறு" என்று கேட்டு வந்த தாய், அது மூளை சார்ந்த நோய் என்று எண்ணி அஞ்சுதல் கூடும். சொல்லைத் திருத்தினால் அச்சமும் குறையும்.

இத்தமனியின் இயல்பு யாது? ஓய்விலிருக்கும் வளர்ந்த மனிதனின் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் குருதியை இறைக்கின்றது. இடப்பக்கம் உடல் முழுவதற்கும் அனுப்பும் அதே அளவு குருதியை, வலப்பக்கம் நுரையீரல்களுக்கு மட்டுமே அனுப்புகின்றது. ஆனால் அழுத்தத்தில் பெரும் வேறுபாடு உண்டு. நலமுடையவரின் நுரையீரல் தமனியில் சராசரி அழுத்தம் ஏறத்தாழ 14 மில்லிமீட்டர் பாதரசமே. உடலின் பெருந்தமனியில் அது 90 அளவில் இருக்கும். மலையிலிருந்து விழும் அருவிக்கும், வரப்போரம் மெல்ல ஊர்ந்து பாத்திதோறும் பாயும் வாய்க்கால் நீருக்கும் உள்ள வேறுபாடு இது. வாய்க்காலின் கரை மெல்லியதாய் இருந்தாலே போதும். அவ்வாறே நுரையீரல் தமனியும் அதன் கிளைகளும் மெல்லிய சுவர் உடையவை. குருதி காற்றறைகளின் மேல் மெல்லிய படலம்போல் பரவிப் பிராணவாயுவை ஏற்றுக்கொள்ள அந்த மென்மை இன்றியமையாதது.

கருவறையில் இருக்கும்போது மட்டும் நிலைமை வேறு. அங்கே குழந்தை மூச்சு விடுவதில்லை, நுரையீரல் தமனிக் கிளைகள் தடித்துச் சுருங்கியுள்ளன, அழுத்தமும் மிகுந்துள்ளது. பிறந்த குழந்தை முதன்முதலில் வீறிட்டழும்போது நுரையீரல் விரிகின்றது, கிளைகள் திறக்கின்றன, அடுத்த சில வாரங்களில் அழுத்தம் படிப்படியாகத் தாழ்கின்றது. பிறவி இதயக் குறை பல வேளைகளில் இந்த இயற்கையான தாழ்வையே கெடுத்துவிடுகின்றது.

மிகுதியால் வரும் கேடும் குறைவால் வரும் கேடும்

உலகெங்கும் உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளுள் ஏறத்தாழ 8 அல்லது 9 பேர் ஏதேனும் ஒரு பிறவி இதயக் குறையுடன் பிறக்கின்றனர். இக்குறைகள் பல வகையின. நுரையீரல் தமனியின் கண்கொண்டு நோக்கினால் அவற்றை இரு பெரும் பிரிவுகளாகக் கொள்ளலாம்.

முதற்பிரிவில் நுரையீரலுக்கு மிகுதியான குருதி பாய்கின்றது. கீழறைகளுக்கு இடையே உள்ள சுவரில் துளை இருப்பின், அழுத்தம் மிகுந்த இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குக் குருதி பீறிட்டுச் செல்லும். கருக்காலத்தில் பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் இணைத்திருந்த குழாய், பிறந்தபின் மூடாமல் நின்றுவிட்டாலும் இதுவே நிகழும். குழந்தை வேகமாக மூச்சு வாங்கும், பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கும், எடை கூடாது. வாய்க்காலில் ஆற்று வெள்ளத்தைத் திருப்பிவிட்டால் கரை என்னாகும்? உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தமனிக் கிளைகளின் சுவரைத் தடிக்கச் செய்கின்றது. தடித்த சுவர் உள்வழியைக் குறுக்குகின்றது. குறுகிய வழியில் அழுத்தம் மேலும் ஏறுகின்றது. பெரிய துளையாயின், மீளாத கேடு முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே தொடங்கிவிடலாம். அறுவையை முதலாண்டிலேயே செய்துவிட வேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்துவது இதனாலேயே. "குழந்தை சிறிது பெரிதாகட்டும்" என்று பாட்டிமார் அன்பினால் கேட்கும் தவணை, சில வேளைகளில் விலைமிக்க தவணையாகிவிடும்.

இக்கேடு முற்றிய நிலையை 1897ஆம் ஆண்டில் வியன்னா மருத்துவர் விக்டர் ஐசன்மெங்கர் விவரித்தார். 1958இல் லண்டன் மருத்துவர் பால் வுட் அதனை ஆழ்ந்து ஆராய்ந்து விளக்கினார். நுரையீரல் பக்கத்து அழுத்தம் உடற்பக்கத்து அழுத்தத்தை எட்டியவுடன் துளையில் ஓடும் குருதி திசை மாறுகின்றது. பிராணவாயு பெறாத குருதி உடலுக்குள் கலக்கின்றது. இதழும் நகமும் நீலமாகின்றன. அந்நிலையில் துளையை அடைத்தல் ஆகாது. ஏனெனில் அத்துளைதான் அழுத்தம் வெளியேறும் மடையாக இருந்து வலப்பக்க இதயத்தைக் காத்துக்கொண்டிருக்கின்றது. முன்பு நோயாக இருந்ததே பின்பு அரணாகிவிடுகின்றது. காலம் தவறினால் சரியான மருத்துவமும் தவறாகிவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

இரண்டாம் பிரிவில் நுரையீரலுக்குக் குருதி போதாமை காணப்படுகின்றது. இதற்குத் தலையாய சான்று, 1888இல் பிரான்சு நாட்டு மார்சேய் நகர மருத்துவர் ஃபாலோ விளக்கியுரைத்த நாற்குறைத் தொகுதி. கீழறைச் சுவரில் துளை, நுரையீரல் தமனிக்குச் செல்லும் வழி குறுகுதல், பெருந்தமனி துளையின்மேல் அமர்ந்திருத்தல், வலக் கீழறைத் தசை தடித்தல் ஆகிய நான்கும் ஒருங்கே அமைவது அது. இவ்வகைப் பிள்ளைகள் சிறிது ஓடியவுடன் குந்தி அமர்ந்துகொள்வர். அது சோம்பல் அன்று. குந்தும்போது கால்களுக்குச் செல்லும் குருதி தடைப்பட்டு, நுரையீரலுக்குச் செல்லும் பங்கு கூடுகின்றது. யாரும் கற்பிக்காமலே பிள்ளையின் உடல் கண்டுகொண்ட மருத்துவம் அது. இங்கே தமனி வெள்ளத்தால் கெடவில்லை. நீர் வாராத வாய்க்கால் தூர்ந்து ஒடுங்குவதுபோல் வளர்ச்சி குன்றிச் சிறுத்துப்போகின்றது.

அறுவையின் வரலாறு

1938 ஆகஸ்ட் 26ஆம் நாள் பாஸ்டன் நகரில் ராபர்ட் கிராஸ் என்னும் இளம் அறுவை மருத்துவர், ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் மூடாத கருக்காலக் குழாயைக் கட்டி அடைத்தார். பிறவி இதயக் குறைக்கு அறுவை செய்யலாம் என்னும் நம்பிக்கை அன்று பிறந்தது.

பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தை இதய மருத்துவராக இருந்தவர் ஹெலன் டாசிக் அம்மையார். செவிப்புலன் குன்றியவர், குழந்தையின் மார்பில் கைவைத்தே இதயத் துடிப்பின் இயல்பை அறிந்தவர். நீலம் பாரித்த குழந்தைகளுள், கருக்காலக் குழாய் மூடாமல் நின்றவர்கள் ஓரளவு நலமாக இருப்பதை அவர் கண்டார். அப்படியாயின் மூடிய குழாய்க்கு மாற்றாகப் புதிய வழி ஒன்றை அமைத்தாலென்ன என்று கேட்டார். அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் பிளாலக்கும், கல்லூரிப் படிப்புக்கு வாய்ப்பின்றி ஆய்வுக்கூட உதவியாளராகச் சேர்ந்த கறுப்பினத்தவரான விவியன் தாமசும் அதற்கு வழி கண்டனர். 1944 நவம்பர் 29ஆம் நாள் 15 மாதப் பெண் குழந்தை ஒன்றுக்குக் கைக்குச் செல்லும் தமனியை நுரையீரல் தமனியோடு இணைத்தனர். ஆய்வுக்கூடத்தில் அம்முறையைச் செய்து செய்து தேர்ந்திருந்த தாமஸ், பிளாலக்கின் பின்னே நின்று வழிகாட்டினார். நீல இதழ்கள் சிவந்தன.

டாசிக் அம்மையாரிடம் பயின்றவர்களுள் நம்மவர் ஒருவர் உண்டு. 1917இல் பர்மாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பத்மாவதி, ரங்கூனில் மருத்துவம் கற்றார். 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது குடும்பத்தோடு பர்மாவைவிட்டு வெளியேறிக் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தார். பின்னர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பயின்று, டில்லியில் இதய மருத்துவத் துறையை வளர்த்து, 1962இல் அகில இந்திய இதய அறநிறுவனத்தைத் தோற்றுவித்தார். 2020இல் தம் 103ஆம் வயதில் மறைந்தார். 1950களில் அவர் செய்த ஆய்வுகளுள் ஒன்று நம் பொருளோடு நெருங்கிய தொடர்புடையது. அடுப்புப் புகையில் நெடுங்காலம் உழலும் பெண்களுக்கு நுரையீரல் கெட்டு, அதன் தமனியில் அழுத்தம் ஏறி, வலப்பக்க இதயம் தளர்வதை அவர் எடுத்துக்காட்டினார். நுரையீரல் தமனியைக் கெடுக்கப் பிறவிக் குறைதான் வேண்டும் என்பதில்லை, புகையும் போதும்.

இதயத்தைத் திறந்து உள்ளே செப்பனிடும் அறுவை 1950களில் கைகூடிற்று. 1953 மே 6ஆம் நாள் ஜான் கிப்பன், இதயத்தின் பணியையும் நுரையீரலின் பணியையும் சிறிது நேரம் ஏற்றுக்கொள்ளும் பொறியின் துணையால் ஓர் இளம்பெண்ணின் மேலறைத் துளையை அடைத்தார். 1954இல் மினசோட்டாவில் வால்டன் லில்லஹை அத்தகைய பொறியும் இன்றி, பெற்றோர் ஒருவரையோ ஒத்த குருதியினம் உடைய மற்றொருவரையோ பக்கத்தில் கிடத்தி, அவரது இதயமும் நுரையீரலுமே பிள்ளைக்கும் சேர்த்து உழைக்குமாறு குழாய்களால் இணைத்து அறுவை செய்தார். ஃபாலோ குறையை முழுமையாகச் செப்பனிட்ட முதல் அறுவை அவ்வாண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் அவரால் நிகழ்ந்தது. இந்தியாவில் 1960களின் தொடக்கத்தில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி திறந்த இதய அறுவையில் முன்னோடியாக விளங்கிற்று. மலேசியத் தமிழருக்கு 1992 முதல் கோலாலம்பூரின் தேசிய இதயக் கழகம் அணுக்கமாயிற்று.

அறுவைக்குப்பின் எஞ்சுவன

இனி, செப்பனிட்ட இதயத்தில் நுரையீரல் தமனிக்கு நேரக்கூடியவற்றைக் காண்போம். இவை எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவன அல்ல. சிறிய துளை உரிய காலத்தில் அடைக்கப்பட்ட பிள்ளைகளுள் மிகப் பலர் எவ்வகை இடருமின்றி வாழ்கின்றனர். ஆயினும் யாருக்கு வரும், யாருக்கு வாராது என்பதைப் பார்த்துவந்தால்தான் அறிய முடியும்.

முதலாவது, எஞ்சி நிற்கும் உயரழுத்தம். துளையை அடைப்பதற்கு முன்பே கிளைகள் தடித்திருந்தால், அடைத்தபின்னும் அழுத்தம் தாழாமல் நிற்கலாம். தாழ்ந்து, பல்லாண்டுக்குப்பின் மீண்டும் ஏறவும் கூடும். காலம் கடந்து அறுவை செய்துகொண்டவர்களுக்கு இவ்விடர் மிகுதி.

இரண்டாவது, கிளைகள் குறுகுதல். பழைய இணைப்பு அறுவையில் தையல் விழுந்த இடம் வடுவாகி இறுகலாம். பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறிப் பிறந்த குழந்தைகளுக்கு, 1975இல் பிரேசில் நாட்டு ஜாதேனே வெற்றிகரமாகச் செய்துகாட்டிய முறைப்படி அவ்விரண்டையும் மாற்றிப் பொருத்துகின்றனர். அப்போது இழுத்து முன்னே கொணரப்படும் நுரையீரல் தமனிக் கிளைகள் பின்னாளில் நெருக்குண்டு குறுகலாம். ஒரு நுரையீரலுக்கு மிகுதியும் மற்றதற்குக் குறைவுமாகக் குருதி பாயும். தொடைச் சிரை வழியே மெல்லிய குழலைச் செலுத்தி, அதன் நுனியிலுள்ள பலூனை ஊதியோ, வலைக்குழாயை வைத்தோ இவ்விடத்தை விரிவாக்குவர். குழந்தை வளர்கின்றது, உலோக வலை வளர்வதில்லை. ஆகவே அதனைப் பின்னர் மீண்டும் விரிக்க வேண்டிவரும்.

மூன்றாவது, கசியும் கதவு. ஃபாலோ குறையில் குறுகிய வழியை அகலமாக்கும்போது, நுரையீரல் தமனியின் வாயிலிலுள்ள வால்வைப் பல வேளைகளில் காக்க இயலாமற் போகின்றது. அனுப்பிய குருதியில் ஒரு பங்கு ஒவ்வொரு துடிப்பிலும் பின்னோக்கி வழியும். முற்காலத்தில் இதனை யாரும் பெரிதாக எண்ணவில்லை. பிள்ளைகள் நலமாகவே ஓடியாடினர். இருபது, முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே வலக் கீழறை விரிந்து தளர்வதும், துடிப்பு தாறுமாறாவதும் தெரியவந்தன. இப்போது அந்நிலை முற்றுமுன் புதிய வால்வு பொருத்துகின்றனர். 2000ஆம் ஆண்டில் பிலிப் பொன்ஹாஃபர் பாரிஸ் நகரில், மார்பைத் திறவாமலே சிரை வழியாக வால்வைச் செலுத்திப் பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்குப் பொருத்திக் காட்டினார். அம்முறை இன்று பல நாடுகளிலும் வழக்கில் உள்ளது.

நான்காவது, இறைக்கும் அறையின்றி ஓடும் குருதி. ஒரே கீழறை மட்டும் நன்கு அமைந்த குழந்தைகளுக்கு, 1968இல் பிரான்சு நாட்டு ஃபான்டான் தொடங்கிய முறைப்படி, உடலிலிருந்து திரும்பும் குருதியை நேரே நுரையீரல் தமனிக்குத் திருப்பிவிடுகின்றனர். தள்ளுவதற்குக் கீழறை இல்லை; மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் இறங்குவதுபோல் அது தானாகவே பாய வேண்டும். இத்தகையோருக்கு நுரையீரல் தமனியின் தடை சிறிதளவு கூடினாலும் ஓட்டம் தளர்ந்து, வயிறும் கல்லீரலும் வீங்கத் தொடங்கும்.

இவற்றை எவ்வாறு அறிவது? கையில் பட்டை கட்டி அளக்கும் அழுத்தம் உடற்பக்கத்து அழுத்தமே. அது 120க்கு 80 என்று நேர்த்தியாக இருக்கும்போதே நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறியிருக்கலாம். ஒலியலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ சோதனை முதற்படி. வலக் கீழறையின் அளவையும் கசிவையும் காந்தப்புலப் படம் துல்லியமாகக் காட்டும். அழுத்தத்தை உறுதியாக அளக்க வேண்டுமெனில் சிரை வழியே நுண்குழலை இதயத்துக்குள் செலுத்த வேண்டும். 1929இல் ஜெர்மானிய இளைஞர் வெர்னர் ஃபோர்ஸ்மான் தம் கைச் சிரை வழியே தாமே செலுத்திப் பார்த்த முறை இது. 1956இல் அவருக்கு நோபல் பரிசின் பங்கைப் பெற்றுத் தந்தது. சராசரி அழுத்தம் 25ஐ எட்டினால் நோய் என்று முன்னர்க் கணித்தனர். 2022இல் வெளியான ஐரோப்பிய நெறிமுறை 20க்கு மேற்பட்டாலே உயரழுத்தம் என்று கொள்கின்றது. போசென்டான், சில்டெனாபில் போன்ற மருந்துகள் தமனிக் கிளைகளைத் தளர்த்தித் துன்பத்தைக் குறைக்கின்றன. அவற்றை உரிய மருத்துவர் தேர்ந்து தர வேண்டும். பிறருக்குத் தந்ததைப் பார்த்து வாங்கி உண்ணல் ஆகாது.

ஒரு நிறுத்தத் தூரம்

சிங்கப்பூரில் புக்கிட் தீமா சாலையருகே, தேக்கா வட்டாரத்தை ஒட்டியிருந்த கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையை நம்மவர் நன்கு அறிவர். எருமைத் தொழுவம் என்பது அம்மலாய்ப் பெயரின் பொருள். 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கே ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன. ஆயிரத்துக்கு எட்டு என்று கணக்கிட்டாலும், அவ்வோராண்டில் 300க்கு மேற்பட்ட குழந்தைகள் இதயக் குறையுடன் பிறந்திருத்தல் வேண்டும். 1997இல் அம்மருத்துவமனை அருகிலேயே புதிய இடத்துக்கு மாறி, கேகே மகளிர், சிறார் மருத்துவமனை ஆயிற்று. குழந்தை இதய மருத்துவம் அங்கே நடைபெறுகின்றது. வளர்ந்தவர்களுக்குரிய தேசிய இருதய நிலையம் ஊட்ரம் வட்டாரத்தில், 2014 முதல் புதிய கட்டடத்தில் இயங்குகின்றது.

ஊட்ரம் பார்க் ரயில் நிலையத்துக்கு அடுத்த நிலையம் தஞ்சோங் பகார். வேலிமுனை என்று பொருள்படும் இவ்வட்டாரத்தில் துறைமுகத் தொழிலாளராகத் தமிழர் பலர் உழைத்தனர். 1932இல் திறந்து 2011இல் மூடப்பட்ட இதன் பழைய ரயில் நிலையத்தில், மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்தோர் மூட்டை முடிச்சுகளோடு இறங்கினர். தோட்டப்புறப் பிள்ளை மருத்துவரைக் காணாமற் போவதற்குத் தொலைவைக் காரணமாகச் சொல்லலாம். பேருந்துக்குக் காசு வேண்டும். ஒரு நாட்கூலி போய்விடும். தஞ்சோங் பகாரில் வாழும் பிள்ளைக்கோ இதய நிலையம் ஒரு நிறுத்தத் தூரமே. அவனும் வாராமற் போவது ஏன்?

பதினெட்டு வயதையொட்டிக் குழந்தை மருத்துவரிடமிருந்து வளர்ந்தோர் மருத்துவரிடம் மாற வேண்டியுள்ளது. அதுவரை நாள் குறித்து அழைத்துச் சென்றவர் தாய். இனி அவனே செல்ல வேண்டும். அவனுக்கோ மூச்சு வாங்கவில்லை, மார்பு வலிக்கவில்லை, பழக்கமான மருத்துவர் இல்லை, வேலையோ படிப்போ குறுக்கிடுகின்றது. ஒரு முறை தவறும். பிறகு ஐந்து ஆண்டு தவறும். நுரையீரல் தமனி நோய் தொடக்கத்தில் ஓசையின்றி வருவது. உடல் அதற்கேற்பத் தன்னைச் சுருக்கிக்கொள்வது. "நான் எப்போதும் இப்படித்தான் மெதுவாக நடப்பேன்" என்று அவனே நம்பிவிடுகின்றான். எல்லா நாடுகளிலும் இதய மருத்துவர் வருந்தியுரைக்கும் சிக்கல் இது.

பெண் பிள்ளைகள் செய்தியில் இடர் இன்னும் கூர்மையானது. மணம் பேசும் காலத்தில் மார்பின் வடுவையும் பழைய மருத்துவத் தாள்களையும் மறைக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் உண்டு. மறைப்பவர் தீயவர் அல்லர். மகள் வாழ்வு கெடலாகாதே என்னும் அச்சத்தால் மறைக்கின்றனர். ஆனால் கருவுற்ற காலத்தில் உடலில் ஓடும் குருதியின் அளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகின்றது. நன்கு செப்பனிட்டு, அழுத்தம் இயல்பாயுள்ள பெண்கள் பெரும்பாலும் மருத்துவர் மேற்பார்வையில் நலமாக மகப்பேறு அடைகின்றனர். நுரையீரல் தமனியில் உயரழுத்தம் நின்றுவிட்ட பெண்ணுக்கோ கருத்தரித்தலே உயிருக்கு இடர். இவ்விரு நிலைகளுள் தனது எது என்பதை அவள் திருமணத்துக்கு முன் அறிந்திருத்தல் வேண்டும். மறைத்த தாள் அவளிடமிருந்தே மறைந்துவிடலாகாது.

ஆசிரியர் செய்யத்தக்கவை

மருத்துவத்துக்கு நான்கு கூறுகளைத் திருக்குறளின் மருந்து அதிகாரம் வகுத்துரைக்கின்றது: நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து துணைசெய்பவன். பள்ளியில் அந்நான்காம் இடம் ஆசிரியருடையது.

பிள்ளையைப் பிற பிள்ளைகளோடு ஒப்பிடாமல், அவனது சென்ற பருவத்து நிலையோடு ஒப்பிட்டு நோக்குக. சென்ற ஆண்டு மூன்றாம் மாடிக்கு நிற்காமல் ஏறியவன் இவ்வாண்டு இடையில் நிற்கின்றானா? விளையாடும்போது மயங்கி விழுந்தானா? இதழும் நகமும் நிறம் மாறுகின்றனவா? பாதம் வீங்கியுள்ளதா? நெஞ்சு படபடக்கின்றது என்கின்றானா? இவற்றுள் ஒன்று கண்டாலும் பெற்றோரிடம் அன்றே கூறுக. ஓடும்போது மயங்கி விழுதல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டிய குறி.

உடற்பயிற்சியிலிருந்து அப்பிள்ளையை அறவே விலக்கி வைத்தலும் நன்றன்று. மருத்துவர் அனுமதிக்கும் அளவை எழுத்தில் பெற்று, அதற்குள் ஆட விடுக. அளவான உடற்பயிற்சி பலருக்கு நன்மையே செய்கின்றது. ஓரமாக உட்கார வைத்த பிள்ளைக்கு உள்ளமும் சோர்ந்துவிடும். பல்லின் தூய்மையைக் கண்காணிக்கச் செய்க. சொத்தைப் பல்லிலிருந்து குருதியில் கலக்கும் கிருமி, செப்பனிட்ட இதயத்தில் தங்கி நோய் விளைக்கலாம். பல் மருத்துவரிடம் இதய அறுவையைச் சொல்லியே தீர வேண்டும். சளிக்காய்ச்சல் தடுப்பூசி குறித்து மருத்துவரிடம் கேட்கச் சொல்க. புகைமூட்ட நாட்களில் விழிப்பாயிருக்க. 2013 ஜூன் 21ஆம் நாள் சிங்கப்பூரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டதை மறந்திருக்க மாட்டோம். அத்தகைய நாட்களில் இப்பிள்ளைகள் திடலில் நிற்றல் ஆகாது.

இறுதியாக ஒன்று. பிறந்தபோது இருந்த குறையின் பெயர், செய்த அறுவையின் பெயரும் ஆண்டும், கடைசியாக எடுத்த எக்கோவின் முடிவு, அடுத்து மருத்துவரைக் காணவேண்டிய நாள் ஆகிய நான்கும் அடங்கிய ஒரு தாளைப் பிள்ளையே தன் கையால் எழுதட்டும். மருத்துவமனைக்கு ஒரு படி ஆங்கிலத்தில் இருக்கட்டும். வீட்டுக்கு ஒரு படி தமிழில் இருக்கட்டும். தன் இதயத்துக்கு என்ன செய்யப்பட்டது என்பதைப் பன்னிரண்டு வயதில் நான்கு வரியில் எழுதத் தெரிந்த பிள்ளை, பதினெட்டு வயதில் மருத்துவமனை வாயிலில் தனித்து நிற்கும்போது தடுமாறாது. கட்டுரைப் பயிற்சிக்குப் பொருள் தேடும் ஆசிரியருக்கு இதனினும் பயனுள்ள தலைப்பு கிடைப்பது அரிது.